கேப்டன் பஸ் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

நேற்று உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே துண்டில் சுற்றி நான் வைத்ததை, இன்று காலை மேசைமேல் பார்த்தேன். துண்டை அழகாக மடித்து அதன்மேலேயே வைத்திருந்தாய். கேட்டதற்கு, "வெயிட் ஜாஸ்தி ஆயிடுச்சும்மா" என்றாய். அந்தப் பழைய டிவி தொடரின் டிவிடி பெட்டி ஒரு பாக்கெட் முறுக்கின் எடைகூட இருக்காது. முறுக்கை நீ வெளியே எடுக்கவில்லை. நான் உள்ளே போய்விட்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் போயிருக்கிறேன். அந்தத் தொடரின் பேச்சு வந்தால் நீ எழுந்து போவாய், நான் வேறு வேலை பார்ப்பேன். நாளை மறுநாள் நீ விமானம் ஏறிவிட்டால் எழுந்து போகக்கூட ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

தனிக் கடிதமாகக் கொடுத்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பல வருடம் பிரிக்காமலே இருப்பாய். அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. நாலு பேர் படிக்கிற இடத்தில் வந்தால், யாராவது ஒருவர் உன்னிடம் "இது உங்க வீட்டுக் கதையா?" என்று கேட்பார்கள்; அப்போது படித்துத்தானே ஆகவேண்டும். உன் பெயரையோ உன் அப்பா பெயரையோ எழுதமாட்டேன், பயப்படாதே. துணிக்கடை சலீம் பாயிடம் மட்டும் கேட்டேன். "போடுங்க பாபி, கடைக்கு விளம்பரம் ஆச்சு" என்று சிரித்தார்; அண்ணியை அவர் பாபி என்பார்.

பதினெட்டு முடிந்த கையோடு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். இப்போதும் நாம் சேர்ந்து போனால் கடைக்காரர்கள் உன்னிடம் "அக்காவா?" என்று கேட்பதும், நீ முகத்தைச் சுளிப்பதும் நடக்கிறது. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம்தான். வாடகை நூலகத்திலிருந்து இரண்டிரண்டாக எடுத்து வந்து, சோறு வேகிற நேரத்தில் படிப்பேன். கதை தாங்கமுடியாமல் போனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தொடர்வேன். உன் அப்பாவுக்கு அது பெரிய குற்றம். "அது எப்படிம்மா, பரீட்சைக்கு முன்னாடியே ரிசல்ட்டைப் பாக்கிற மாதிரி?" என்பார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. எந்தப் பொருளையும் அளந்து பார்க்காமல் "சரி" என்று சொல்லமாட்டார்.

அவருக்கு ஒரே பைத்தியம் அந்தத் தொடர். எங்கோ வெளிநாட்டில், நான் பிறப்பதற்கு முன் எடுத்தது. ஊரை இழந்த மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் தரை தேடிப் போகும். வாராவாரம் ஒரு கிரகம். எதுவும் இவர்களுக்கு ஒத்துவராது. கப்பலின் கேப்டனுக்கு எப்போதும் தூக்கம் போதாத முகம். கதவை வேகமாகச் சாத்தினால் சுவர் ஆடும், அட்டைச் சுவர். நான் சிரித்தால் உன் அப்பா, "செட்டைப் பாக்காத, கதையைப் பாரு" என்பார். அவர் தனி ஆளாக இருந்த காலத்தில் ஞாயிறு காலைகளில் அரசுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டார்கள். ஒன்றுவிடாமல் பார்த்தவருக்குக் கடைசிப் பகுதி மட்டும் தவறிவிட்டது. அன்றுதான் குடியாத்தத்தில் எங்கள் கல்யாணம்.

தாலி கட்டி முடித்ததும், கழுத்து மாலையோடு மண்டப மேனேஜர் அறைக்குப் போய் டிவி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் உன் அப்பா. டிவி இருந்தது, கரண்ட் இல்லை. மேளக்காரரின் மைக்குக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடுங்கி டிவிக்குக் கொடுக்கலாமா என்று யோசித்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். சண்டை வரும்போதெல்லாம், "உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்கு நஷ்டம்னா ஒரே ஒரு எபிசோடுதான்" என்பார். அது திட்டா கொஞ்சலா என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருடம் ஆயிற்று. உனக்கும் ஒருத்தி வருவாள். உனக்காக எதை விட்டுவிட்டு வந்தாள் என்று அவளிடம் கேள். நீ எதை விட்டாய் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. சொல்லாமல் வைத்திருந்தால்தான் அது கனக்கும்.

கேபிள் வந்த புதிதில் ஒரு சேனல் அந்தத் தொடரை மறுபடி போட ஆரம்பித்தது. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. உனக்கு யூனிஃபார்ம் துணி எடுக்க சிவாஜிநகர் போன இடத்தில், ஒரு கடையில் டிவியில் நம் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்கோலைத் துணியில் வைத்தபடி வெட்டாமல் நின்ற கடைக்காரரும், துணியைக் கேட்க மறந்து நின்ற உன் அப்பாவும் விளம்பர இடைவேளையில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்தான் சலீம் பாய். அவர் முதல் ஒளிபரப்பிலேயே கடைசிவரை பார்த்தவர் என்று தெரிந்ததும் உன் அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"க்யா அண்ணே, சொல்லிடட்டுமா? ஒரே நிமிஷம்."

"வாயைத் தொறந்தே, துணியே வேணாம்னு போயிடுவேன்."

"அரே, நக்கோ நக்கோ, அப்படிப் போவேணாம்! எனக்கு வியாபாரம் முக்கியம்."

அந்தக் கேலி அவர்களுக்குள் வருடக்கணக்கில் நடந்தது. பார்க்கும்போதெல்லாம் சலீம் பாய் வாயைத் திறப்பார், இவர் காதைப் பொத்துவார்.

அந்த நாட்களின் கரண்ட் கட் உனக்கு நினைவிருக்கும். நம் ஜாலஹள்ளியில் ஒரு நேரம் போகும், சிவாஜிநகரில் இன்னொரு நேரம். ஆகையால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் வீட்டில் விளக்கு எரிகிறதோ அவர் பார்க்கவேண்டும்; இருட்டில் இருப்பவருக்கு ஃபோனில் கதையைச் சொல்லவேண்டும். நம் தெருமுனை மளிகைக் கடையின் காயின் பாக்ஸில் உன் அப்பா நிற்பார், பக்கத்தில் ரூபாய்க் காசுகளைப் பிடித்துக்கொண்டு நீ. இதற்கும் உன் அப்பா ஒரு சட்டம் போட்டார்: பார்த்ததைத்தான் சொல்லவேண்டும், சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. சலீம் பாய் ஒருமுறை கேப்டன் அழுதான் என்று சொல்லிவிட்டார். "கண்ணுல தண்ணி வந்துச்சா, இல்ல முகம் மட்டும் வாடுச்சா? பாத்ததைச் சொல்லு பாய்" என்று இவர் குறுக்கு விசாரணை செய்தது நம் தெருவுக்கே கேட்டது. நீயும் அந்தச் சட்டத்தில்தான் வளர்ந்தாய். பள்ளியில் நடந்த சண்டையைச் சொல்லும்போதுகூட, "இது நான் பாக்கல, கேட்டதுதான்" என்று பிரித்துச் சொல்வாய். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தச் சட்டம் ஒருநாள் உன்னையே குத்தும் என்று அப்போது தெரியவில்லை.

மறு ஒளிபரப்பை நம்பியவர்கள் பட்ட பாட்டை அந்தக் காலத்து ஆட்கள்தான் அறிவார்கள். முதல் தடவை முக்கால் கதையில் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் தொப்பையைக் குறைக்கும் பெல்ட்டுக்கு விளம்பரம் போட்டார்கள். அடுத்த வாரம் வரும் என்று நாம் மூவரும் உட்கார்ந்து பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் தடவை, முடிய இரண்டு பகுதி இருக்கும்போது திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அன்று உன் அப்பா சொல்லச்சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் கார்டு எழுதினேன்: "ஐயா, கடைசி இரண்டு பகுதிகளை யாருடைய கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?" பதில் இல்லை. மூன்றாம் தடவை அந்த சேனலே காணாமல் போயிற்று. கேபிள்கார மஞ்சுவைப் பிடித்தால், "மேலிந்தலே பர்த்தில்லா சார்" என்று வானத்தைக் காட்டினான், மேலேயிருந்தே வரவில்லையாம். "மேலன்னா யாருப்பா, கடவுளா?" என்றார் உன் அப்பா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்று சாப்பிடவில்லை. ஒரு நாடகத்துக்காக ஒரு மனிதன் பட்டினி கிடப்பானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அது நாடகத்துக்காக இல்லை, வேறு ஏதோ தொடங்கிவிட்டது என்று சில மாதங்களில் தெரிந்தது. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுக்கொண்டிருந்தன.

நான்காம் தடவை சேனல் திரும்பி வந்து தொடரும் ஆரம்பித்தபோது அவர் பாதி நாள் வீட்டில், பாதி நாள் ஆஸ்பத்திரியில். கதை முடியும் தறுவாயில் முழுக்க ஆஸ்பத்திரி. வார்டில் டிவி கிடையாது. உனக்குப் பதினொரு வயது. ஞாயிறு காலை தொடரைப் பார்த்துவிட்டு, நான் முதல்நாளே கட்டிவைத்த மாற்றுத்துணிப் பையோடு நீ தனியாக பஸ் ஏறி வருவாய். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒவ்வொரு காட்சியாகச் சொல்வாய். பக்கத்துக் கட்டிலில் கோலார் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், அவரும் காது கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசிக்கு முந்தின பகுதியை நீ சொல்லி முடித்ததும் உன் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வாரத்தையும் நீயே பாத்துச் சொல்லிடுடா. நானே பாக்கணும்னுதான் இருந்தேன். பரவால்ல, சொல்லிடு" என்றார். அது என்ன பேச்சு என்று எனக்குப் புரிந்தது. உனக்கும் புரிந்திருக்கிறது என்பதை உன் முகம் சொன்னது.

இனி எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது.

அந்த ஞாயிறு நீ வருவதற்கு முன்பே சலீம் பாய் வந்துவிட்டார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"போச்சு அண்ணே. எந்த ஊர்லயோ மழையாம். நேத்து நின்ன கிரிக்கெட் மேட்சை இன்னைக்குப் போடறானுங்க. நம்மது இல்ல."

உன் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, நான் தாங்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. "இந்தத் தடவையுமா பாய்?" என்றார். சலீம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேலி இல்லாமல், "அண்ணே, நான் சொல்லிடறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார். உன் அப்பா யோசித்தார். "பையன் வரட்டும். அவன் ஏமாந்துபோய் வருவான். அவனையும் வச்சுக்கிட்டுக் கேக்கலாம்" என்றார். நான் கொடுத்த ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு சலீம் பாய் டீ வாங்கக் கீழே போனார்.

அப்புறம் நீ வந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும், "வரலையாம்ல" என்று நானே சொல்லி உன் பாரத்தை இறக்கிவிட வாயெடுத்தேன். அதற்குள் நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அப்பா, வந்துடுச்சுப்பா! கடைசி எபிசோடு!" என்றாய்.

உன் அப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை. உன்னையே பார்த்தபடி, "அப்படியா? சொல்லு சொல்லு" என்றார்.

நீ சொன்னாய். கப்பல் ஒரு தரையில் இறங்குகிறது. தூறல் போட்டுக்கொண்டிருக்கிறது. எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். கேப்டன் கடைசியாக இறங்கி, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஈர மண்ணில் நடக்கிறான். அவன் வீடு தூரத்தில் இருக்கிறது. பஸ் மாதிரி ஒன்று வருகிறது.

"அங்கயும் பஸ்ஸா?"

"ஆமாம்பா, பஸ் மாதிரி. கண்டக்டர்கூட இருக்கான். ஆனா சில்லறை கேக்கல. கேப்டனைப் பாத்ததும் உக்காருங்க சார்னுட்டான்."

"நல்ல கண்டக்டர். அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டறான். அவன் பையன்தான் வந்து தொறக்கறான். பெரியவனாயிட்டான். ஆனா அடையாளம் தெரிஞ்சுடுது."

"யாருக்கு? கேப்டனுக்கா, பையனுக்கா? பாத்ததைச் சொல்லணும்."

"ரெண்டு பேருக்கும்பா."

நீ பஸ் வரை சொல்லியிருந்தபோதே சலீம் பாய் ஃபிளாஸ்கோடு வார்டு வாசலில் வந்து நின்றிருந்தார். நீ அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். அவருக்கு இரண்டு வார்த்தையிலேயே விளங்கிவிட்டது. உன் அப்பா கண்ணால் ஒரு சைகை காட்டினார், வராதே என்று. அவர் வரவில்லை. உண்மையான முடிவைத் தெரிந்த மனிதர் டீ ஃபிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நீ கட்டிய முடிவைக் கடைசிவரை கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். வழக்கமாக வரும் டீ அன்று ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது, கடை பூட்டியிருக்கும் என்று சொன்னேன்.

நீ முடித்ததும் உன் அப்பா உன் தலையில் கைவைத்து, "சரியாப் பாத்திருக்கே" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நீ இத்தனை வருடம் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். சாகக் கிடந்த அப்பாவை ஏமாற்றினோம், அவர் அதை நம்பிச் சரிபார்த்து முத்திரையும் குத்திக் கொடுத்தார் என்று. பத்து நாட்களில் அவர் போய்விட்டார். காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, "அம்மா, நான் அன்னைக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினாய். நான் கேட்டிருக்கவேண்டும். "பெரியவன் ஆகட்டும், அப்புறம் சொல்லு" என்று உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. ஆனால் நீ பெரியவனான பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு அவர் காரணமில்லை. உங்கள் இருவருக்கும் நடுவே சொல்லப்படாத ஒன்று மீதமிருக்கும்வரை அவர் முழுதாகப் போகவில்லை என்று ஒரு பைத்தியக்காரத்தனம் எனக்கு. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நான், அதை ஒருமுறை மட்டும் திருப்பாமல் வைத்துக்கொண்டேன். என் ஆறுதலுக்கு நீ விலை கொடுத்தாய்.

நீ பி.யு.சி. படிக்கும்போது அந்தத் தொடர் மறுபடி வந்து, முதல் தடவையாகக் கடைசிவரை ஓடியது. சலீம் பாய் ஃபோனில், "பையனைக் கூப்பிடுங்க பாபி, இன்னைக்குக் கண்டிப்பா வருது" என்று கத்தினார். நீ ரிசீவரை வாங்கி, "பாத்தாச்சு அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் இல்லாத டியூஷனுக்குப் போனாய். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கரண்ட் போகவில்லை, கிரிக்கெட் வரவில்லை. கரண்ட் போயிருக்கலாம் என்று நினைக்கும்படி இருந்தது அந்த முடிவு. கப்பல் ஒரு தரையில் இறங்குகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், கேப்டன் இறங்கவில்லை. பின்னால் வருகிற கப்பல்களுக்கு வழிகாட்ட ஒருவர் மேலே இருக்கவேண்டும் என்று அவன் மட்டும் கிளம்பிப் போகிறான். ஜன்னலில் அவன் முகம் சிறிதாகிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான். அன்று மாலை சிவாஜிநகருக்குப் போய்க் கடை வாசலில் நின்றேன். சலீம் பாய் துணியை மடித்துக்கொண்டே, "இதை எப்படி பாபி அண்ணன்கிட்ட நான் சொல்லியிருப்பேன்? பையன் சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

உன் அப்பா விரும்பியிருந்தால் அந்த முடிவை அன்றே கேட்டிருக்கலாம். நீ போன பிறகு நான், "பாயைக் கூப்பிடட்டுமா? நிஜமா என்ன ஆச்சுன்னு கேட்டுக்கறீங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு? அதான் முடிஞ்சிடுச்சே" என்றார். சலீம் பாய் அதன்பிறகு இரண்டு தடவை வந்தார். இவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை அளவு மாறும் என்று உன் அப்பா சொல்வார். நீ போகிற இடத்தில் உன்னை எந்த அளவுகோலால் அளப்பார்களோ தெரியாது. உன்னை நீயே அளப்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய். அங்கே என்ன நடந்தது என்று சொல். நன்றாக இல்லாத நாளில், கொஞ்சம் சேர்த்துச் சொன்னாலும் எனக்குத் தெரிந்துவிடும். நானும் கேட்டுக்கொள்வேன். அந்த டிவிடி பெட்டியை எடுத்துப் போகவேண்டாம். என்னிடமே இருக்கட்டும். நீ திரும்பி வரும்போது சேர்ந்து பார்க்கலாம், அல்லது பார்க்காமலே இருக்கலாம்.

இன்னும் ஒன்று. நீ ஆஸ்பத்திரியில் முடிவைச் சொன்னதற்கு மறுநாள் திங்கட்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பக்கத்துக் கட்டில் பெரியவரை ஞாயிறன்று எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள், அவர் உன் கதையைத் தவறவிட்டிருந்தார். "கப்பல் கதை என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு அன்று பேசவே முடியவில்லை. நான் வேண்டாம் என்றேன். கையால் என்னை விலக்கிவிட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தூறல், கையில் ஷூ, பஸ் மாதிரி ஒன்று, சில்லறை கேட்காத கண்டக்டர், கதவைத் திறந்த பையன். நீ சொன்ன வரிசையிலேயே. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு சொல்கூட அவர் சேர்க்கவில்லை, ஒரு சொல்கூட விடவில்லை.

பெரியவர், "நல்ல முடிவுதான். நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. என் பையன் பாத்தான்."